எஃப்.சி. 2028 வரை இருக்கிறது என்றால், அந்த காரைச் சோதித்தது யார்?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். புதுச்சேரிப் பதிவு எண் கொண்ட 2013 மாடல் பி.எம்.டபிள்யூ. 520டி, டீசல், ஓடியது 92,000 கிலோமீட்டர், கேட்கும் விலை எட்டே முக்கால் லட்சம். விற்பவர் மூன்று விஷயம் சொல்கிறாராம்: எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, 2028 வரை இருக்கிறது. புகைச் சான்று போன மாதம்தான் எடுத்தது. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் நடக்கும் சோதனைகளில் இந்த மாடலுக்கு நல்ல பெயர். இந்தச் சோதனைகளை எவ்வளவு நம்பலாம், இந்த வண்டியில் வழக்கமாக என்னென்ன கெடும் என்று அவர் இரண்டு கேள்வி கேட்டிருந்தாலும், உள்ளே இருப்பது ஒன்றுதான். பல வருடம் சேர்த்த பணத்தை இந்தத் தாள்களை நம்பிப் போடலாமா? போடாதீர்கள். ஆனால் வண்டி நல்ல வண்டியா என்பதை உங்கள் செலவில் ஒரே காலையில் முக்கால்வாசி தெரிந்துகொள்ள முடியும். மீதிக் கால்வாசியை எந்தச் சோதனையும் சொல்லாது. எது எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் 11 வருடம் இருந்தேன். அதன் பிறகு ரெட்டிச்சாவடிப் பக்கம் சொந்தப் பட்டறை, அதுவும் 14 வருடம் ஆகிவிட்டது. கடலூர் வண்டி, பாண்டி வண்டி இரண்டும் வரும். பாதிக்கு மேல் ஜெர்மன் கார்கள். கீழே சொல்வதில் சட்டம் சம்பந்தப்பட்டது உறுதியானது. பழுதுகள் பற்றிச் சொல்வது என் கையில் வந்த வண்டிகளை வைத்து. நன்றாக ஓடுகிற வண்டி பட்டறைக்கு அவ்வளவாக வராது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

முதலில் அந்த எஃப்.சி. சொந்த உபயோகத்துக்கான கார் புதிதாகப் பதிவாகும்போது, பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். ஆர்.சி.யிலும் எம்-பரிவாஹன் செயலியிலும் "ஃபிட்னஸ்" என்று ஒரு தேதி காட்டும். அது அந்த 15 வருட முடிவு. டாக்ஸி, லாரி, பஸ் என்றால் கதை வேறு. அவற்றுக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம் எஃப்.சி. காட்டியாக வேண்டும். சொந்த காரோ, புதிதாகப் பதிவான பிறகு, 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் வழக்கமாக ஓர் ஆய்வாளர் முன் நிற்கும். அதன் பிறகு ஐந்து ஐந்து வருடம். ஆக, நீங்கள் பார்க்கும் வண்டி 2013இல் ஷோரூமை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து இன்று வரை, அதன் பிரேக்கையோ ஸ்டீயரிங்கையோ அரசு சார்பில் யாரும் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பலருக்கு இந்த வேறுபாடே தெரியாது. தேதி இருக்கிறது, அதனால் சோதனையும் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

புகைச் சான்று உண்மையிலேயே ஒரு சோதனைதான், ஆனால் சின்னது. டீசல் வண்டியில் நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்தி, வெளியே வரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளப்பார்கள். இன்ஜெக்டர் ஒழுகினால், டர்போ பைப் வெடித்திருந்தால், ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் ஓரளவு தெரியவரும். அதைத் தாண்டி அந்தத் தாளுக்கு ஒன்றும் தெரியாது. பிரேக் இல்லாத காரும் அதில் பாஸாகும்.

வெளிநாட்டுச் சோதனைகளுக்கு வருகிறேன். இங்கிலாந்தில் எம்.ஓ.டி. என்று ஒன்று, கார் மூன்று வயதைத் தாண்டியதும் வருடா வருடம். ஜெர்மனியில் மூன்றாம் வருடம் முதல்முறை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. இரண்டுமே கண்டிப்பானவை. இங்கிலாந்தில் ஒரு காரின் நம்பரைத் தட்டினால் அது எந்த வருடம் எதில் தோற்றது, அன்றைக்கு எத்தனை மைல் ஓடியிருந்தது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் ஊரில் இப்படி ஒன்று இருந்தால் என் தொழிலில் பாதிச் சண்டை குறையும் என்று பலமுறை ஏங்கியிருக்கிறேன். ஆனால் அந்தச் சோதனை எதைப் பார்க்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். பிரேக், டயர், லைட், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட், புகை, துரு. இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலை எம்.ஓ.டி.யில் அடங்காது என்று அந்த அரசே சொல்கிறது. சாலையில் போகும் மற்றவருக்கு ஆபத்து இல்லாத வண்டியா என்பது அவர்கள் கேள்வி. வாங்குகிறவன் பர்ஸ் தாங்குமா என்பது உங்கள் கேள்வி. இந்த வண்டியில் பர்ஸைக் காலி செய்கிற பெரிய செலவுகள் பெரும்பாலும் இன்ஜின் பக்கம்தான் இருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. சொகுசு கார் வைத்திருப்பவர் அங்கே சோதனைக்கு முன் சர்வீஸ் சென்டரில் விட்டுப் பல்பு, பிரேக் பேடு, டயர் எல்லாம் மாற்றிவிட்டுத்தான் கொண்டு போவார். பத்து வயதுச் சின்ன கார் வைத்திருப்பவர், எது தோற்கிறதோ அதை மட்டும் மாற்றலாம் என்று நேரே போவார். தேர்ச்சி விகிதத்தில் முதல் கார் மேலே நிற்கும். அதில் காரின் தரம் எவ்வளவு, ஓனரின் கவனம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. போதாக்குறைக்கு, அங்கே ஆட்டோபான் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டிக்கும் இங்கே கடலூர் முதல் பாண்டி வரை ஊருக்கு ஊர் வேகத்தடை ஏறி இறங்கிய வண்டிக்கும் சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ் ஒன்றுபோல் தேயாது.

சரி, இந்த வண்டிக்குள் என்ன இருக்கிறது? எஃப்10 என்று அழைக்கப்படும் தலைமுறை, 2010 முதல் 2017 வரை வந்தது. 2013 என்றால் உள்ளே இருப்பது என்47 என்கிற இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல். நல்ல இழுவை, நெடுஞ்சாலையில் நல்ல மைலேஜ். இதன் பலவீனம் டைமிங் செயின், அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்க வைக்கும் சங்கிலி. பொதுவாக இன்ஜினின் முன்பக்கம் இருக்கும் செயினை இதில் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஒட்டும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். தேய்ந்தால் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். பெரும்பாலும் இன்ஜினையே இறக்கிவிடுவோம். பாகம் சிறியது, கூலியும் நேரமும் பெரியது. ஒன்றரை லட்சத்துக்குக் குறைவாக இந்த வேலை முடிந்து நான் பார்த்ததில்லை. ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போகும். அப்போது பில் வண்டியின் பாதி விலையைத் தொடும்.

2007 முதல் 2009 வரை தயாரான என்47 இன்ஜின்களில்தான் இந்தக் கோளாறு மிகவும் பேசப்பட்டது. பின்னால் வந்தவற்றில் குறைவு. 2013 வண்டியில் வராது என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள், கட்டாயம் வரும் என்று பயமுறுத்தினாலும் நம்பாதீர்கள். ஆயில் மாற்றிய பழக்கத்தைப் பொறுத்து நிறைய மாறுகிறது. டிஸ்பிளேயில் காட்டும் வரை காத்திருந்து 20,000, 25,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிய வண்டிகள் என்னிடம் சத்தத்தோடு வந்திருக்கின்றன. 10,000க்கு ஒருமுறை மாற்றியவை இரண்டு லட்சம் தாண்டியும் அமைதியாக ஓடுகின்றன. சோதிக்க ஒரே வழி காதுதான். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, டாஷ்போர்டுப் பக்கமிருந்து, அதாவது இன்ஜினின் பின்புறத்திலிருந்து, சங்கிலி உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். பிறகு 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம். வரை மெதுவாக ஏற்றிக் கேட்க வேண்டும். டீசல் தட்டுகிற சத்தம் வேறு, இது வேறு; பழகிய காதுக்குத் தெரியும். போனில் பதிவு செய்து அனுப்பினால் என்னால் சொல்ல முடியாது. முயன்று பார்த்துத் தவறாகச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது, ஈ.ஜி.ஆர். கூலர். புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் பாகம் இது. 2018இல் தென் கொரியாவில் பல பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் தீப்பிடித்த செய்தி நினைவிருக்கும். இந்தக் கூலரிலிருந்து கூலன்ட் கசிந்து, கரியோடு சேர்ந்து படிந்து, சூடான புகை பட்டுப் பற்றிக்கொள்வதுதான் காரணம் என்று கம்பெனி கண்டறிந்து, அந்த வருடக் கடைசிக்குள் உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் டீசல் கார்களுக்குத் திரும்ப அழைப்பு விட்டது. நீங்கள் பார்க்கும் வண்டியின் சேஸ் நம்பரை அதிகாரப்பூர்வ டீலரிடம் கொடுத்து, இதற்கு அந்த வேலை உண்டா, உண்டென்றால் முடிந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். பாட்டிலில் கூலன்ட் குறைந்திருந்து, கீழே எங்கும் ஒழுகல் இல்லை என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது இங்கேதான்.

கியர்பாக்ஸ் இசட்.எஃப். கம்பெனியின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். என் அனுபவத்தில் இந்த வண்டியிலேயே மிக நல்ல பாகம் இதுதான். ஆனால் "ஆயில் மாற்றவே வேண்டாம், ஆயுளுக்கும் போதும்" என்கிற பேச்சை ஏற்காதீர்கள். அதைத் தயாரிக்கும் இசட்.எஃப். கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தொட்டியோடு சேர்ந்தே வருகிறது, அதனால் செலவு கொஞ்சம் கூடும். 92,000இல் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

சஸ்பென்ஷனில் முன்பக்க ஆர்ம் புஷ்கள் போகும். 80, 90 வேகத்தில் பிரேக் அழுத்தும்போது ஸ்டீயரிங் கையில் நடுங்கினால் பலர் டிஸ்க் வளைந்துவிட்டது என்று டிஸ்க்கை மாற்றுவார்கள். புஷ் கிழிந்திருந்தால் புது டிஸ்க்கிலும் அதே நடுக்கம் இருக்கும். காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயரின் பக்கச் சுவர் தடிப்பானது, பள்ளத்தில் விழுந்தால் அதிர்வு நேரே உள்ளே வரும். ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆம் வாரம். டயர்ப் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் ஆறேழு வயது டயரை டயராகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இனி, நம் ஊருக்கே உரிய விஷயம். வெளிநாட்டு அட்டவணை எதிலும் இது இருக்காது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை. வெள்ளம். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் மூழ்கியது, அடுத்த மாதம் சென்னை. 2023 டிசம்பரில் மறுபடி சென்னை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்களில் கார்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அடுத்து தென்பெண்ணை பெருகி நம் பக்கமும் வந்தது. அந்த வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போகவில்லை. கழுவி, காயவைத்து, சீட் உறை மாற்றி, பெரும்பாலானவை மறுபடி சாலைக்கு வந்துவிட்டன.

என்னிடம் நடந்ததைச் சொல்கிறேன். 2016இல் ஒரு டாக்டர், வேறொரு கம்பெனியின் பெரிய காரை என்னிடம் கொண்டு வந்து பார்த்துச் சொல்லச் சொன்னார். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் பார்த்தேன், அருமையாக இருந்தது. வாங்கலாம் என்றேன். வாங்கி நான்கு மாதத்தில் ஒரு கதவு கண்ணாடி இறங்காமல் நின்றது, பிறகு ஏர்பேக் விளக்கு, பிறகு ஒரு நாள் ஸ்டார்ட்டே ஆகவில்லை. டிரைவர் சீட்டைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கினால் அடியில் வண்டல், மாவு மாதிரி மெல்லிய வண்டல். ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது. அன்றைக்கே விரிப்பின் ஓரத்தைத் தூக்கியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் தூக்கவில்லை. அந்த வேலைக்கு அவரிடம் கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு எந்த வண்டியானாலும் நான் முதலில் பார்ப்பது தரையைத்தான்.

அதனால் 520டியில் இப்படிப் பாருங்கள். நான்கு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுற்றியிருந்த பகுதியில் சேற்றுக் கறைக் கோடு இருக்கிறதா? சீட் அடியில் உள்ள போல்ட், தண்டவாளம் துருப்பிடித்திருக்கிறதா? டிக்கிப் பலகையைத் தூக்குங்கள். இந்த காரில் பேட்டரி டிக்கியில்தான் இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் மூலைகளில் கையை விட்டுத் தடவுங்கள், மணல் ஒட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். ஏ.சி.யை அணைத்துவிட்டுக் கண்ணாடிகளை மூடி வெயிலில் அரைமணி நேரம் வைத்துத் திறந்தால் ஈரச்சாக்கு வாடை மறைக்க முடியாமல் வரும். புதுசாக வாசனைத் திரவியம் கமகமக்கிற பழைய காரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் கூடும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பழைய கிளெய்ம் விவரம் கேட்க ஓனரையே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே ஒரு பதில்.

வெள்ளம் படாத வண்டிக்கும் கடல் காற்று உண்டு. கடற்கரையை ஒட்டிய வீட்டில் திறந்தவெளியில் நின்ற காரில் ஏ.சி. கன்டென்சர், பிரேக் பைப், அடிச்சட்டத்தின் ஓரங்கள் அரிக்கும். லிஃப்டில் ஏற்றாமல் இது தெரியாது. கூடவே ஒரு சின்னத் தகவல்: மோதி நசுங்கிப் பட்டி பூசிய இடத்தைக் கண்டுபிடிக்கக் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள், பட்டி இருந்தால் ஒட்டாது. இந்த காரில் போனட், முன்பக்க ஃபெண்டர், கதவுகள் அலுமினியம். காந்தம் இயற்கையாகவே ஒட்டாது. இதைத் தெரியாமல் நல்ல வண்டியை விபத்து வண்டி என்று ஒதுக்கியவர்களும் உண்டு, புரோக்கர் இதைச் சாக்காகச் சொல்லி நிஜமான பட்டியை மறைத்ததும் உண்டு. பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம் காட்டுங்கள்.

92,000 கிலோமீட்டர் உண்மையா? மீட்டரில் குறைத்து வைப்பது சுலபம். ஆனால் இந்த காரில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் பதிவாவதில்லை. சாவியிலும் வேறு சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் இருக்கும். நல்ல ஸ்கேனர் வைத்து ஒப்பிட்டால் முரண்பாடு தெரியும். கைதேர்ந்தவர் எல்லா இடத்திலும் மாற்றியிருக்க முடியும் என்பதால் இதை நூற்றுக்கு நூறு ஆதாரமாக நான் எடுப்பதில்லை. டீலரிடம் உள்ள சர்வீஸ் வரலாறு இன்னும் நம்பகமானது. அதே ஸ்கேனரில் பழுதுக் குறியீடுகளையும் பாருங்கள். எல்லாம் சுத்தமாக இருந்து, நேற்றுதான் அழித்த மாதிரி இருந்தால், 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

நான் சொன்ன அந்த ஒரு காலை இப்படித்தான் போக வேண்டும்: முதல் நாள் மாலை பேசிவைத்துவிட்டு, காலை ஆறு மணிக்கு விற்பவர் வீட்டுக்கே போங்கள். போய் நின்றதும் போனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்துவிட்டார், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்புங்கள். குளிர்ந்திருந்தால் செயின் சத்தம், பிறகு தரை, பிறகு எல்லையிலுள்ள முள்ளோடை வரை ஓட்டம், பிறகு லிஃப்ட், ஸ்கேனர். தெரிந்த ஆளுக்கு மூன்று மணி நேரம். அதற்குச் சில ஆயிரம் கேட்டால் கொடுங்கள். விற்பவரோ புரோக்கரோ கைகாட்டும் மெக்கானிக்காக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இவ்வளவுக்குப் பிறகும் தெரியாமல் போவது எது என்றால், செயின் இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கும், டர்போவும் இன்ஜெக்டரும் எப்போது போகும் என்பவை. அவற்றுக்குப் பணம்தான் காப்பு. எட்டே முக்கால் கொடுத்த பிறகு கையில் இரண்டு லட்சம் தனியாக இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால், தம்பி, இந்த வண்டி வேண்டாம். அதே காசில் மூன்று நான்கு வயதான ஒரு சாதாரண கார் உங்களை நிம்மதியாக வைத்திருக்கும்.

காகித வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாண்டிப் பதிவு என்பதால் சொல்லிவிடுகிறேன். கடலூரில் வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் புதுச்சேரியிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, 12 மாதத்துக்குள் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற வேண்டும். இங்கே வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி உண்டு. அந்தத் தொகையைக் கடலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பிறகு விலை பேசுங்கள். வண்டியின் மேல் கடன் இருந்தால் அது தீர்ந்ததற்கான படிவம் 35 இல்லாமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2028இல் புதுப்பிக்கும்போது ஆய்வு நடக்கும். 15 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள், முழுதாக இறக்குமதியான காருக்கு 40,000. இந்த 520டி செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா சிட்டியில் உள்ள ஆலையில் பாகங்களைப் பொருத்தித் தயாரான மாடல். ஆர்.சி.யில் இறக்குமதி என்று தவறுதலாகப் பதிவாகியிருக்கிறதா என்பதை மட்டும் வாங்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.